தங்கத் துகள் எதைப் பார்க்கிறது? டி.என்.ஏ சேதச் சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் மருந்துகள் டி.என்.ஏ-வில் உண்டாக்கும் சேதத்தைத் தங்க நானோதுகள்களை வைத்துக் கண்டறிகிறார்கள். இதைப் பற்றி ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களும், எங்கோ செய்தியில் படித்துவிட்டு வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் கீழே இருக்கின்றன. வேதியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன். நடுவில் சில பதில்கள் மட்டும் சோதனை மேசையில் நிற்பவர்களுக்கானவை. மற்றவர்கள் அவற்றைத் தாண்டிப் போகலாம்.

குணப்படுத்த வந்த மருந்து டி.என்.ஏ-வை ஏன் சேதப்படுத்த வேண்டும்?

பல கீமோ மருந்துகளுக்கு அதுதான் வேலையே. ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். நகலெடுக்கும் பாதையில் முட்டுக்கட்டை விழுந்தால் செல் முதலில் பழுதுபார்க்கும். முடியாதபோது தன்னையே அழித்துக்கொள்ளும். புற்றுநோய்ச் செல்கள் ஓயாமல் பிரிபவை, அதனால் அடி அவற்றுக்குப் பலமாக விழுகிறது. முடியின் வேர், எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர் ஆகியவையும் வேகமாகப் பிரிபவைதான். முடி கொட்டுவதும் ரத்த அணுக்கள் குறைவதும் அதே அடியின் மறுபக்கம்.

சேதத்தை அளக்க வேண்டிய தேவையும் இங்கிருந்துதான் வருகிறது. புதிதாகச் செய்த மூலக்கூறு டி.என்.ஏ-வைத் தொடுகிறதா, எந்த இடத்தில் தொடுகிறது, எவ்வளவு நேரத்தில் தொடுகிறது என்று தெரியாமல் அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக முடியாது.

எல்லாக் கீமோ மருந்தும் ஒரே மாதிரிதான் சேதம் செய்யுமா?

இல்லை. சோதனையை வடிவமைப்பவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘டி.என்.ஏ சேதம்’ என்பது ஒரு பெயர். அதற்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல நிகழ்ச்சிகள்.

சிஸ்பிளாட்டினை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்களின் மீது மின்புலம் என்ன செய்கிறது என்று பார்க்க பிளாட்டின மின்முனைகளைப் பயன்படுத்தினார். பாக்டீரியாக்கள் பிரிவதை நிறுத்திவிட்டு நீள நீளமாக வளர்ந்தன. மின்சாரத்துக்கு அதில் பங்கில்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினச் சேர்மம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1965-இல் அது வெளியானது. 1978-இல் சிஸ்பிளாட்டின் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அது டி.என்.ஏ-வை வெட்டுவதில்லை. டி.என்.ஏ-வின் நான்கு எழுத்துகளைக் காரங்கள் என்பார்கள்; அவற்றில் குவானின் என்ற காரத்தின் 7-ஆம் எண் நைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது, பெரும்பாலும் ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குவானின்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. நேராக நின்ற சுருள் அந்த இடத்தில் மடங்கிவிடுகிறது.

பிளியோமைசின் நேரெதிர். இரும்பையும் ஆக்சிஜனையும் துணைக்கு வைத்துக்கொண்டு இழையை வெட்டுகிறது. டாக்ஸோரூபிசின் காரப்படிகளுக்கு நடுவே நுழைந்து படுத்துக்கொள்கிறது. கூடவே டோப்போஐசோமரேஸ்-2 என்ற நொதி வெட்டிய இழையைத் திரும்ப ஒட்டவிடாமல் தடுக்கிறது. டெமோசோலோமைடு காரங்களில் ஒரு சின்ன மெத்தில் தொகுதியை ஒட்டிவைக்கிறது, அவ்வளவுதான்.

பாக்லிடாக்சல் டி.என்.ஏ பக்கமே போவதில்லை, செல்லின் நுண்குழாய்களைப் பிடிக்கிறது. அதை இந்தச் சோதனையில் போட்டுவிட்டு ‘சேதம் இல்லை, மருந்து வீண்’ என்று எழுதினால் தவறு சோதித்தவருடையது.

தங்கம் மஞ்சள்தானே, கரைசல் ஏன் சிவப்பாக இருக்கிறது?

தங்கத்தை 13 நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கினால் அதன் பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒட்டுமொத்தமாக ஊசலாடுகின்றன. அந்த ஊசலாட்டம் 520 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது பச்சையை, விழுங்கிவிடும். மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பு. 1857-இல் மைக்கேல் ஃபாரடே இந்தச் சிவப்பு நீரை ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துணுக்குகளே என்று சொன்னார். அவர் செய்த குப்பிகளில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன.

இரண்டு துகள்கள் தங்கள் விட்டத்தைவிடக் குறைந்த தூரத்துக்கு நெருங்கினால் ஒன்றின் ஊசலாட்டம் மற்றதைத் தொடும். விழுங்கும் ஒளி 600-700 நானோமீட்டர் பக்கம் நகர்ந்து, கரைசல் ஊதாவாகி நீலமாகும். ஒரு சாதாரணச் சாயத்தைவிட இந்தத் துகள் ஆயிரம் மடங்குக்கும் மேல் ஒளியை விழுங்குவதால், லிட்டருக்குச் சில நானோமோல் இருந்தாலே வெறும் கண்ணுக்கு நிறம் தெரிந்துவிடும். சாயம் இந்த அளவில் இருந்தால் தண்ணீர் போலத்தான் இருக்கும்.

அப்படியானால் சேதத்தைப் பார்த்ததும் தங்கம் நிறம் மாறிவிடுமா?

மாறாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

தங்கத் துகளுக்குச் சேதம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் இன்னொரு துகள் நிற்கிறதா இல்லையா என்பதுதான். டி.என்.ஏ-வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைத் துகள்கள் கூடுவதாகவோ பிரிவதாகவோ மாற்றிக்கொடுப்பது நம் பொறுப்பு. இந்தத் துறையில் வெளியாகும் முறைகளெல்லாம் அந்த மாற்றித்தருகிற தந்திரத்தில்தான் வேறுபடுகின்றன.

முக்கியமான தந்திரங்கள் இரண்டு. முதலாவது 1996-இல் சாட் மிர்கின் குழு காட்டியது. (அதே ஆண்டில் பால் அலிவிசாட்டோஸ் குழுவும் தங்கத் துகள்களை டி.என்.ஏ-வால் கோத்துக் காட்டியது.) டி.என்.ஏ இழையின் ஒரு முனையில் கந்தகத் தொகுதி வைத்தால் அது தங்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இழை சூடிய துகள்களுக்கு நடுவே, இரு பக்கமும் பொருந்துகிற இழை ஒன்றைப் போட்டால் அவை வலைபோலப் பின்னிக்கொண்டு ஊதாவாகின்றன.

இரண்டாவது தந்திரத்துக்குக் கந்தகமும் வேண்டாம், ஒட்டவைக்கவும் வேண்டாம். 2004-இல் லி, ராத்பெர்க் இருவரும் கவனித்த விஷயம் இது. ஒற்றை இழை டி.என்.ஏ வளைந்து கொடுக்கும், அதன் காரங்கள் வெளியே திறந்திருக்கும். அதனால் தங்கத்தின் மேல் படிந்துவிடும். இரட்டை இழையோ விறைப்பானது. காரங்களை உள்ளே மறைத்து, எதிர்மின் சுமையுள்ள பாஸ்பேட்டை வெளியே காட்டுகிறது. அதனால் தங்கத்தை நெருங்காது. இப்போது ஒரு சொட்டு உப்புக் கரைசல் விடுங்கள். இழை போர்த்திய தங்கம் சிவப்பாகவே நிற்கும். போர்வை இல்லாத தங்கம் திரிந்து நீலமாகும்.

சோதனை மேசையில் இது எப்படி நடக்கும்? ஒன்றைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

பிளியோமைசினைச் சொல்கிறேன், ஏனென்றால் வெட்டும் மருந்துதான் புரிந்துகொள்ள எளிது.

முதலில் டி.என்.ஏ-வால் பின்னிய தங்க வலையைத் தயார் செய்கிறோம். குப்பியில் ஊதா நிறம் இருக்கும். சற்று நேரம் விட்டால் அடியில் மெல்லிய படிவாகவும் இறங்கும். பிப்பெட்டால் மெதுவாகக் கலக்கிவிட்டு, அதில் புதிதாகக் கரைத்த இரும்பு(2) உப்பையும் பிளியோமைசினையும் சேர்க்கிறோம். ‘புதிதாக’ என்பதை அழுத்திச் சொல்கிறேன்: நேற்றுக் கரைத்து வைத்த இரும்பு(2) காற்றுப்பட்டு இரும்பு(3) ஆகியிருக்கும். மருந்து இணைப்பு இழைகளை வெட்டத் தொடங்கியதும் வலை அறுந்து, துகள்கள் விடுபடுகின்றன. ஊதா மெல்லச் சிவப்பாகத் திரும்பும். கண்ணால் பார்த்ததோடு நிற்காமல் நிறமாலைமானியில் 520-இலும் 650-இலும் அளந்து, இரண்டின் விகிதத்தை நேரத்துக்கு எதிராக வரைகிறோம்.

நான் இதை முதன்முறை செய்தபோது மூன்று நாள் ஊதா ஊதாவாகவே இருந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று புதிய குப்பி உடைத்தேன், அப்போதும் அப்படியே. கடைசியில் பார்த்தால், டி.என்.ஏ-வைக் கரைத்து வைத்திருந்த பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) இ.டி.டி.ஏ இருந்தது. டி.என்.ஏ-வைப் பாதுகாக்க வழக்கமாகச் சேர்ப்பதுதான். அது உலோக அயனிகளைக் கவ்விக்கொள்ளும். இரும்பு முழுவதையும் அது எடுத்துக்கொண்டது, பிளியோமைசின் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. இப்போதெல்லாம் அந்த இ.டி.டி.ஏ-வையே கட்டுப்பாட்டுச் சோதனைக்குப் பயன்படுத்துகிறேன். அதைச் சேர்த்த குப்பியும் சிவந்தால், சிவப்புக்குக் காரணம் மருந்தின் வெட்டு இல்லை என்று தெரிந்துவிடும்.

சிஸ்பிளாட்டின் வெட்டுவதே இல்லையே, அதை எப்படிப் பிடிப்பது?

மடங்கிய இழை தன் ஜோடியோடு முன்போல ஒழுங்காகப் பொருந்தாது. அந்த வலுவிழப்புதான் நமக்குப் பிடி. தங்கத்தில் பின்னிய டி.என்.ஏ வலையைச் சூடுபடுத்தினால் அது சில டிகிரிகளுக்குள் சட்டென்று உருகும், அதாவது ஜோடி இழைகள் பிரிந்துவிடும். தங்கம் இல்லாத டி.என்.ஏ-வின் உருகல் இதைவிட அகலமாகப் பரவியிருக்கும். உருகல் கூர்மையாக இருப்பதால் சிறிய வலுவிழப்பும் வெப்பநிலை இறக்கமாகத் தெரிகிறது. ஆனால் சிஸ்பிளாட்டின் சில இடங்களில் இரண்டு இழைகளையும் குறுக்கே தைத்தும்விடுகிறது. அந்தத் தையல் இழைகளைப் பிரியவிடாது, உருகும் வெப்பநிலையை ஏற்றும். இரண்டும் ஒரே குப்பியில் கலந்திருந்தால் ஒன்று மற்றதை மறைக்கலாம். அதனால், எந்தக் காரவரிசையில் என்ன நடக்கும் என்று தெரிந்த, குட்டையான செயற்கை இழைகளோடு தொடங்குவதே நல்லது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சிஸ்பிளாட்டினை டி.எம்.எஸ்.ஓ-வில் கரைக்காதீர்கள். மற்ற மருந்துகளுக்கு வசதியான கரைப்பான்தான், ஆனால் அதிலுள்ள கந்தகம் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொண்டு மருந்தையே வேறு பொருளாக்கிவிடும். அடுத்து, மருந்தை டி.என்.ஏ-வோடு வைக்கும் கட்டத்தில் சமையல் உப்பு அதிகமிருந்தால் வினை நடக்காது. சிஸ்பிளாட்டின் தன் குளோரைடை விட்டு நீரை ஏற்ற பிறகே டி.என்.ஏ-வைத் தாக்கும். ரத்தத்தில் குளோரைடு நிறைய இருப்பதால் அங்கே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. செல்லுக்குள் குளோரைடு குறைவு, அங்கே போய் விழித்துக்கொள்கிறது. குப்பியிலும் அதே விதிதான். அவசரப்படாமல் சில மணிநேரம் விடவும் வேண்டும்.

மின்வேதியியல் முறை என்று சொல்கிறார்களே, அதில் தங்கத்துக்கு என்ன வேலை?

அங்கே நிறம் பற்றிய பேச்சே இல்லை. கார்பன் மின்முனையின் மேல் தங்கத் துகள்களைப் படியவைத்தால் பரப்பு பெருகும், எலக்ட்ரான் கடப்பதும் எளிதாகும், டி.என்.ஏ-வும் அதிகம் ஒட்டும். நான்கு காரங்களில் எளிதாக ஆக்சிஜனேற்றம் அடைவது குவானின். அதன் மின்னோட்ட உச்சியை மருந்துக்கு முன்னும் பின்னும் அளப்பார்கள். சிஸ்பிளாட்டின் பிடித்த குவானின் முன்போல எலக்ட்ரானைத் தராது, உச்சி குறையும்.

என் கணக்கில், கலங்கலான கரைசலோ நிறமுள்ள மருந்தோ இருந்தால் நிறச் சோதனையைவிட இதை நம்பலாம். ஆனால் ஒவ்வொரு மின்முனையும் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். ஒரே ஒரு மின்முனையில் எடுத்த உச்சியைப் பார்த்து மயங்க வேண்டாம்.

நிறம் மாறிவிட்டது. சேதம் உறுதிதானே?

இல்லவே இல்லை. தயாரிக்கும்போது சேர்த்த சிட்ரேட் போர்த்திய தங்கம் எதிர்மின் சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கிறது. நேர்மின் சுமையுள்ள எது வந்தாலும் அந்தத் தள்ளல் குறையும். டாக்ஸோரூபிசினுக்கு நேர்மின் சுமை உண்டு. நீரேற்ற சிஸ்பிளாட்டினுக்கும் பிளியோமைசினுக்கும் உண்டு, இரும்பு அயனிக்கும் உண்டு. டி.என்.ஏ ஒரு துளிகூட இல்லாத குப்பியில் இவற்றைப் போட்டாலும் தங்கம் நீலமாகலாம்! அதைப் பார்த்துவிட்டு ‘சேதம் கண்டுபிடித்தோம்’ என்று துள்ளியவர்களை நேரில் கண்டிருக்கிறேன், ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

டாக்ஸோரூபிசினுக்குக் கூடுதல் சிக்கல், அதுவே சிவப்பு. 480 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கி, தங்கத்தின் உச்சியோடு கலந்துவிடும். மருந்து மட்டும் உள்ள குப்பியின் அளவைக் கழிக்காமல் எந்த விகிதமும் போடாதீர்கள்.

ஆகவே ஒவ்வொரு முறையும் குறைந்தது இந்தக் குப்பிகள் வரிசையில் இருக்கவேண்டும்: தங்கமும் மருந்தும் மட்டும், தங்கமும் டி.என்.ஏ-வும் மட்டும், டி.என்.ஏ-வைத் தொடாது என்று தெரிந்த ஒரு மருந்தோடு முழுக் கலவை. கூடவே, மருந்தோடு வினைபுரிந்த டி.என்.ஏ-விலிருந்து மீதமுள்ள மருந்தை வடித்து நீக்கிவிட்டுப் பிறகு தங்கத்தோடு சேர்ப்பது பாதித் தலைவலியைக் குறைக்கும். இந்த வரிசை இல்லாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவைத்துவிடுவேன்.

காமெட் சோதனை போன்ற பழைய முறைகள் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. காமெட் சோதனை ஒவ்வொரு செல்லையும் தனியே காட்டுகிறது: உடைந்த டி.என்.ஏ மின்புலத்தில் வால் நட்சத்திரம்போல இழுபடும். காமா-எச்2ஏஎக்ஸ் என்ற புரத அடையாளம், இரட்டை இழை உடைந்ததற்குச் செல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று சொல்லும். டி.என்.ஏ-வில் எவ்வளவு பிளாட்டினம் ஏறியது என்று நிறைநிறமாலைமானி மிகத் துல்லியமாக எண்ணித் தரும். இவை எதையும் தங்கம் ஓரங்கட்டிவிடவில்லை.

தங்கத்தின் பலம் வேறு இடத்தில். செல் வளர்க்க வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், ஒரு தட்டில் 96 குழிகளில் 96 மூலக்கூறுகளை ஒரே பகலில் சலித்துப் பார்க்கலாம். சலித்ததில் மிஞ்சுவதைப் பழைய முறைகளிடம் ஒப்படைக்கலாம். முதல் வடிகட்டி என்ற அளவில் இதற்கு என் ஓட்டு உண்டு, தீர்ப்பு சொல்லும் நாற்காலி கிடையாது.

நோயாளியின் ரத்தத்தை நேராக இதில் சோதிக்கலாமா?

நேராக முடியாது. ரத்தத்தின் உப்பே வெறும் தங்கத்தைத் திரித்துவிடும் அளவில் இருக்கிறது. அதற்கு முன்பாகவே புரதங்கள் ஓடிவந்து துகளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டால் எந்த மாற்றமும் தெரியாமலும் போகலாம். கந்தகமுள்ள குளுட்டாதயோன் போன்றவை தங்கத்தில் ஒட்டிய டி.என்.ஏ-வைத் தள்ளிவிட்டுத் தாங்கள் உட்காரும். வெள்ளணுக்களைப் பிரித்து, டி.என்.ஏ-வை வடித்தெடுத்து, சுத்தமான பஃபரில் வைத்தால் முயலலாம். அதிலும் ஒரு கவனம்: வடித்தெடுக்கும்போதே டி.என்.ஏ கொஞ்சம் உடையும், அதை மருந்தின் கணக்கில் எழுதக்கூடாது. சிகிச்சை பலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள மருத்துவரிடம் இந்தச் சோதனையைக் கேட்பதில் பயனில்லை. இது இன்னும் ஆய்வகத்தின் கருவிதான்.

தங்க நானோதுகள் தானே டி.என்.ஏ-வைக் கெடுக்காதா?

அளவைப் பொறுத்தது. 1.4 நானோமீட்டர் அளவுள்ள தங்கக் கொத்துகள் வளர்ப்புத் தட்டிலுள்ள செல்களைக் கொன்றிருக்கின்றன. 15 நானோமீட்டர் துகள்கள் அப்படிச் செய்யவில்லை. இங்கே பேசும் சோதனைகள் குப்பிக்குள் நடப்பவை, துகள் யார் உடம்புக்கும் போவதில்லை.

தங்கம் என்றால் செலவு எகிறாதா?

வழக்கமான முறையில் 100 மில்லிலிட்டர் கரைசலுக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் தங்கம் போதும், அதுவே நூற்றுக்கணக்கான குழிகளுக்கு வரும். செலவைக் கூட்டுவது கந்தகம் பொருத்திய டி.என்.ஏ இழைகள்தான்.

துகள் கெட்டுவிட்டது என்று எப்படித் தெரியும்?

குப்பியை வெள்ளைத் தாளின் முன் பிடியுங்கள். தெளிவான சிவப்பாக இருந்தால் சரி. ஊதாச் சாயலோ, அடியில் கருத்த படிவோ, கண்ணாடிச் சுவரில் தங்கப் பளபளப்போ தெரிந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள், குலுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உறையவிட்டாலும் திரிந்துவிடும், ஆகவே உறைபெட்டி கூடாது. பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் கழுவாத கண்ணாடிதான். தயாரிக்கும் குடுவையை ராஜ திராவகத்தால் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசுவது வழக்கம். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். புகைக்கூண்டுக்குள் மட்டும், அவ்வப்போது புதிதாக. அதை மூடிய பாட்டிலில் சேமித்தால் வாயு அழுத்தம் ஏறி வெடிக்கும்.

வகுப்பில் மாணவர்களுக்குச் செய்து காட்டலாமா?

பாதியைக் காட்டலாம். கொதிக்கும் குளோரோஆரிக் அமில (தங்கச் சேர்மம்) கரைசலில் சிட்ரேட்டை ஊற்றினால் வெளிர்மஞ்சள் நிறமற்றுப்போய், கருத்து, சில நிமிடங்களில் ஒயின் சிவப்பாகும். ஆறியதும் இரண்டு குழாய்களில் எடுத்து ஒன்றில் மட்டும் ஒற்றை இழை டி.என்.ஏ சேர்த்து, சற்றுப் பொறுத்து, இரண்டிலும் உப்பை விடுங்கள். ஒன்று நீலமாகும், மற்றது சிவப்பாகவே நிற்கும்.

மருந்துப் பகுதியைக் காட்டவேண்டாம். இவை டி.என்.ஏ-வைத் தாக்குவதற்காகவே செய்யப்பட்டவை, கையாள்பவரின் டி.என்.ஏ என்று விலக்கு கிடையாது. இரட்டைக் கையுறை, புகைக்கூண்டு, தனிக் கழிவுக் குப்பி மூன்றும் இல்லாத இடத்தில் அந்தக் குப்பிகளைத் திறக்காதீர்கள்.